முப்பத்திநாலு பற்கள்

என் மனைவி செவெரினுக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது நாற்பத்தைந்து வயதுக்கு மேல். அதற்கு முன் இருபது வருடம் அந்தப் பைத்தியம் எனக்குத்தான் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும் என்று அவளே சொல்வாள். என் வலது முழங்கால் போனதும் அந்த இடம் காலியாயிற்று. அவள் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

நான் ரெஜிஸ் வியாலே. பிரான்ஸில் போஃபொர்த்தான் மலையில், பசுவையும் பனிச்சறுக்கையும் விட்டால் வேறு பிழைப்பில்லாத ஓர் ஊரில் நானும் என் அக்கா ஜெனவியேவும் கடை வைத்திருக்கிறோம். குளிர்காலத்தில் சறுக்குக் கட்டைகள், கோடையில் சைக்கிள்கள். அக்கா கல்லாவில் இருப்பாள், நான் பின்பக்கப் பட்டறையில். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் இறக்கங்களில் என்னைத் தாண்டிப் போனவன் கிடையாது. ஐந்து வருடத்துக்கு முன்னால் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, காட்டுப் பாதையில் ஈர வேர் ஒன்றில் சக்கரம் வழுக்கியது. மூன்று அறுவை சிகிச்சை ஆயிற்று. இப்போது நடப்பேன், ஏணி ஏறுவேன். பத்து நிமிடத்துக்கு மேல் பெடல் மிதித்தால் முழங்கால் புளித்த ரொட்டி மாவு மாதிரி உப்பிவிடும்.

செவெரின் நர்ஸ். ஆஸ்பத்திரியில் இல்லை, பண்ணை பண்ணையாகக் காரில் போய் ஊசி போட்டு, கட்டு மாற்றி, கிழவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருபவள். என் பழைய வண்டி பரணில் தொங்குவதைப் பார்த்து ஒருநாள், "சும்மா தொங்கறதுக்கு நான் எடுத்து ஓட்டட்டுமா?" என்று கேட்டாள். சீட்டைக் கீழிறக்கி, முன் பல்சக்கரத்தையும் சின்னதாக மாற்றிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் சலித்துப்போகும் என்று நினைத்தேன்.

சலிக்கவில்லை. அதற்குள் லுடோவிக் வந்து சேர்ந்தார்.

லுடோவிக் மாட்டு டாக்டர். கிரெனோபிளிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பக்கம் குடிவந்தவர். விவாகரத்து ஆனவர், உயரமானவர், எந்தப் பேச்சையும் பாதியில் வெட்டாதவர். ஒரே பண்ணையில் இவள் கிழவருக்குக் கட்டு மாற்ற, அவர் பசுவுக்குக் கன்று இழுக்க, முற்றத்துக் குழாயடியில் கை கழுவும்போது பழக்கமாம். இரண்டு பேரும் சனிக்கிழமை காலைகளில் சைக்கிளில் போக ஆரம்பித்தார்கள். திரும்பி வரும்போது முகமெல்லாம் சேறாக இருக்கும், கன்னம் சிவந்திருக்கும். சாப்பாட்டு மேசையில் "லுடோவிக் சொன்னார்" என்று தொடங்குவாள். ஒருநாள் நான் சூப்பைக் குடித்தபடியே எண்ணினேன். ஒரு வேளைச் சாப்பாட்டில் பதினோரு தடவை.

ஜூன் மாதம் ஒரு மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், வேலை உடுப்போடு பட்டறைக்குள் வந்தாள்.

"ரெஜிஸ், எனக்கு ஒரு வண்டி பாத்துக் குடேன்."

"இருக்கற வண்டிக்கு என்ன?"

"சீட்டுக்குக் கீழ ஃபிரேம்ல விரிசல். லுடோவிக்தான் பாத்தார்."

இருபது வருடம் நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி. அதன் விரிசலை அவர் பார்த்திருக்கிறார்.

"சனிக்கிழமை சுத்தறதுக்குப் புது வண்டியா?"

"செப்டம்பர்ல மோன் ப்ளாங் மலையைச் சுத்தி வரப்போறோம். அஞ்சு நாள். நான், லுடோவிக், கூட்டுறவுல சீஸ் போடற மர்சோ, அவன் பொண்டாட்டி."

'போகட்டுமா' என்று அவள் கேட்கவில்லை. 'போறோம்' என்றாள். அந்தப் 'போறோ'மில் நான் இல்லை.

சுவரில் அவள் அளவுக்கு இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று பச்சை, பதின்மூன்று கிலோ, முன்னும் பின்னும் அதிர்ச்சி தாங்கும் ஷாக் நூற்று முப்பது மில்லிமீட்டர் அமுங்கும். கணவாய்களில் ஏறவும் வேண்டும், கல்லும் வேருமான இறக்கங்களில் தைரியமாக விடவும் வேண்டும் என்றால், ஐம்பத்து நான்கு கிலோ எடையுள்ள ஒருத்திக்கு அதைவிடப் பொருத்தமான வண்டியை நான் சொல்ல முடியாது. இன்னொன்று சாம்பல் நிறம். ஷாக் நூற்று எழுபது. லிஃப்டில் ஏற்றிக்கொண்டுபோய் மேலிருந்து உருட்டிவிடும் பையன்களுக்கான வண்டி, பதினாறு கிலோ.

அவள் பச்சை வண்டியில் ஏறிக் கடைக்குள்ளேயே ஒரு வட்டம் போட்டாள். கல்லாவிலிருந்து அக்கா, "அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குடி" என்றாள்.

எனக்கும் அது தெரியும். ஆனால் அந்த வட்டத்தை அவள் முடிப்பதற்குள் நான் வேறொன்றைப் பார்த்துவிட்டேன். மோன் ப்ளாங் சுற்றில் செய்ன் கணவாய்க்கு ஏறும் நீண்ட பாதை. இவள் இந்த இலேசான வண்டியில் லுடோவிக்குக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கிறாள். பேசிக்கொண்டே ஏறுகிறாள். ஏறும்போதும் பேசுவதற்கு மூச்சு மிச்சம் இருக்கிறது. அந்த மிச்ச மூச்சுதான் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

"இது வேணாம்" என்றேன்.

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

"மலையில ஏத்தத்துல யாரும் சாகறதில்ல செவெரின். இறக்கத்துலதான் சாகறாங்க. அந்தச் சாம்பலை எடு. கல்லு மேல விட்டாலும் மெத்தை மாதிரி போகும்."

அவள் சாம்பல் வண்டியைத் தூக்கிப் பார்த்தாள். "கனக்குதே."

"கனம் பழகிடும். கை உடைஞ்சா பழகாது."

சொன்னதில் எதுவும் பொய் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன மிகப் பெரிய பொய்யும் அதுதான். அவள் என் முழங்காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீ சொன்னா சரி" என்றாள். அக்கா கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியைத் தயார் செய்ய மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். பிரேக்கில் மட்டும் விளையாடவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய எண்ணெயை இறக்கிப் புது எண்ணெய் ஏற்றினேன். முன்னும் பின்னும் இருநூறு மில்லிமீட்டர் தட்டு போட்டேன். புதுக் கட்டைகளை மாட்டி, கடைக்கு எதிரே உள்ள சரிவில் முப்பது தடவை பிடித்து விட்டுப் பதப்படுத்தினேன். பொறாமைக்காரன்தான், கொலைகாரன் இல்லை.

மற்றதெல்லாம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முன் பல்சக்கரத்தைக் கழற்றினேன். ஏற்றத்துக்கு அவளுக்கு இருபத்தெட்டுப் பல் போதும், முப்பது அதிகம். நான் மாட்டியது முப்பத்திநாலு. பந்தயத்தில் நான் மிதித்தது அதுதான். பல் கூடக்கூட ஒவ்வொரு மிதிக்கும் கால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் தெரியாது, நாலாவது மணி நேரத்தில் எலும்பில் தெரியும். டயரும் இறக்கப் பந்தயக்காரர்கள் போடுகிற தடித்த ஜாதி. மிதிக்க மிதிக்க ஈர மண்ணில் இழுப்பது போல இருக்கும். "கல்லு கிழிக்காது" என்று அவளிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான். உண்மைகளாகப் பொறுக்கி எடுத்து ஒரு பொய்யைக் கட்டினேன்.

ஜூலை முதல் சனிக்கிழமை நால்வரும் ஒத்திகைக்குக் கிளம்பினார்கள். ரொஸ்லாந் அணைக்கு மேலே போய்ச் சுற்றி வருவதாகத் திட்டம். பகல் ஒரு மணிக்கு வந்துவிட வேண்டியவர்கள், நாலு மணிக்குத்தான் வந்தார்கள். அவள் வண்டியை வாசலில் சாய்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நான் கிழவி ஆயிட்டேன், அவ்வளவுதான்."

"சும்மா இரு."

"நெசமாத்தான் சொல்றேன். மே மாசம் உன் ஓட்டை வண்டியில ஏறின ஏத்தம் ரெஜிஸ். இன்னிக்கு மூணு எடத்துல இறங்கித் தள்ளினேன். எல்லாரும் மேல உக்காந்து எனக்காகக் காத்துட்டிருக்காங்க. மர்சோ பொண்டாட்டி எனக்கு வாழைப்பழம் உரிச்சுத் தர்றா, கொழந்தைக்குத் தர்ற மாதிரி."

"லுடோவிக்?"

ஏன் கேட்டேன் என்று அவள் யோசிக்கவில்லை. "அவர் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். அப்புறம் நான்தான் முன்னாடி போங்கன்னேன். மூச்சு வாங்கற சத்தத்தை அவர் கேக்கறது எனக்குப் பிடிக்கல."

எனக்குள் ஏதோ ஒன்று காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. அதற்கு நிம்மதி என்றுதான் பெயர் வைத்தேன். அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். காலைப் பிடித்துவிட்டேன். வெண்ணெயும் சீஸும் நிறையப் போட்டு, எங்கள் ஊர்ச் சின்னச் சதுரப் பாஸ்தாவான குரோசே சமைத்தேன்.

அந்த ஜூலை மாதம் முழுக்க என்னைப் போல ஒரு நல்ல கணவன் எங்கள் பள்ளத்தாக்கில் இருந்திருக்க மாட்டான். சனிக்கிழமைகளில் அவள் வீட்டில் இருந்தாள். இரண்டு பேரும் காரில் போய் ப்ளூபெர்ரி பறித்தோம். "அஞ்சு நாள் போறதப் பத்தி மறுபடி யோசிக்கணும்" என்று அவள் சொன்னபோது, "அவசரம் என்ன, மெதுவா முடிவு பண்ணு" என்று தோளைத் தட்டினேன். அவள் குனிந்து புதரில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். முன்பு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பறிப்பாள். அன்று முணுமுணுக்கவில்லை. நான் கவனித்தேன், கவனிக்காதது போல இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு காலை லுடோவிக் கடைக்கு வந்தார். அரைக்கால் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக நேராகத் தொழுவத்திலிருந்து வந்திருந்தார்.

"ரெஜிஸ், ஒரு நிமிஷம் பேசலாமா? செவெரின் வரலைங்கறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"சொன்னா."

"அவங்க இல்லாம நாங்க போறதுல அர்த்தமே இல்ல. வழியெல்லாம் வரைபடத்துல போட்டு வச்சதே அவங்கதான்." கொஞ்சம் தயங்கினார். "ஒருவேளை வண்டி கனமோ? எனக்கு இதெல்லாம் தெரியாது. பசு நொண்டினா குளம்பைத் தூக்கிப் பாப்பேன். சைக்கிள்ல எங்க தூக்கிப் பாக்கறதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

நல்ல மனிதர். அதுதான் என்னை எரித்தது. கொஞ்சம் அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருடைய இரண்டு முழங்கால்களையும் பார்த்தேன். நாற்பத்தொன்பது வயது, ஒரு தழும்பு கிடையாது.

"வண்டியில ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன். "நாப்பத்தாறு வயசாச்சு அவளுக்கு. வெளிய சொல்லிக்க மாட்டா. ராத்திரியெல்லாம் வேர்க்குது, தூக்கம் கிடையாது. பொம்பளைங்களுக்கு வர்ற வயசுதான். வற்புறுத்தாதீங்க."

அவர் முகம் சிவந்தது. "மன்னிக்கணும். எனக்குத் தோணவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கல்லாவில் ஏதோ எழுதுவது போல் பாவனை செய்துகொண்டிருந்தாள். எழுதிக்கொண்டே சொன்னாள்: "டேய், அவ ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கறான்னு போன வாரம்தானே நீ சொன்னே?"

பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தாள். கோழியை அறுத்துத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தேன். செவெரின் எழுந்து கொட்டகைக்குப் போனாள். சாம்பல் வண்டியை உருட்டிக்கொண்டு சமையலறைக்குள்ளேயே வந்தாள். வெள்ளைத் தரையில் சேற்றுக் கோடு விழுந்தது. மேசைக்குப் பக்கத்தில் என் தோளை இடிக்கிற மாதிரி நிறுத்தினாள்.

"எண்ணு."

"என்னது?"

"பல்லை. சிவப்பா ஒண்ணு இருக்கு பாரு, நகச்சாயம் வச்சிருக்கேன். அங்கேருந்து ஆரம்பி."

நான் எண்ணவில்லை. கையில் கத்தி இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"முப்பத்திநாலு" என்றாள் அவளே. "உன் பழைய வண்டியையும் எண்ணினேன். எனக்குக் குடுத்தப்போ நீயே மாத்திக் குடுத்தது. இருபத்தெட்டு. அப்புறம் குளியலறைத் தராசுல வெறுமனே நின்னேன், இதைத் தூக்கிட்டு நின்னேன். பதினேழு கிலோ இருநூறு."

"செவெரின், அந்த டயர்..."

"இரு, நான் முடிக்கல. நேத்து லுடோவிக் வந்து ரொம்ப மரியாதையா, ரொம்ப மெதுவா, அவர் அம்மாவுக்கும் அந்த வயசுல அப்படித்தான் இருந்துச்சுன்னு ஆறுதல் சொல்றார். எனக்கு ஒண்ணும் புரியல. ராத்திரி வேர்வைங்கறார். தூக்கம் இல்லைங்கறார். யார் சொன்னதுன்னு கேட்டேன்."

அக்கா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "டேய், அதைப் போய்ச் சொன்னியா அவர்கிட்ட?"

"அப்பத்தான் யோசிச்சேன்" என்றாள் செவெரின். அவள் குரல் ஏறவேயில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஏத்தம் முடிஞ்சதும் நான் எப்பவும் நாடி பிடிச்சுப் பாப்பேன், வேலைப் பழக்கம். மே மாசம் நூத்தி ஐம்பத்தெட்டு. அன்னிக்கு அணைக்கு மேல நூத்தி எழுபத்தொம்பது. ஆனா ரெண்டு நிமிஷ ஓய்வுல நாடி இறங்கின கணக்கு மட்டும் ரெண்டு தடவையும் ஒண்ணுதான். எதுவும் மாறல. நோயாளிக்கு ஒண்ணும் இல்லன்னா கருவியைப் பாக்கணும். இருபத்திரண்டு வருஷமா செய்யற வேலை இது ரெஜிஸ். என் உடம்பை மட்டும் நான் சந்தேகப்பட்டுட்டேன். ஒரு மாசம் கண்ணாடியில என்னையே பாத்துட்டு நின்னேன், எங்க போச்சு என் பலம்னு. நீ எனக்குக் கால் பிடிச்சுவிட்டே."

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது.

"அவர்கூட நீ ஏறிப் போறத நெனச்சா..." என்று தொடங்கினேன்.

"பாதிதான் சொல்றே. மீதியையும் சொல்லு."

அக்கா இருக்கிறாளே என்று அவள் பக்கம் பார்த்தேன். அவள் எழுந்து போகவில்லை. எழுந்து போகிற ஜாதியும் இல்லை.

"உன் முழங்காலைப் பாத்தாலே எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு" என்றேன். "படி ஏறும்போது பின்னாடி வந்துட்டு அதையே பாக்கறேன். அவரோட காலையும் பாக்கறேன். ரெண்டு பேர் மேலயும் பொறாமை. யார் மேல ஜாஸ்தின்னு எனக்கே தெரியல."

செவெரின் வண்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனாள். கோழி ஆறிப்போயிற்று. அக்கா மட்டும் சாப்பிட்டாள். இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "பச்சை வண்டியில 'விற்றாகிவிட்டது'ன்னு சீட்டு ஒட்டி வச்சிருக்கேன், ஜூன் மாசத்துலேருந்து. நாளைக்கு நீ அதுல கை வச்சே, கையை ஒடிச்சிடுவேன்."

மறுநாள் கடைக்கு வார விடுமுறை. காலை பத்து மணிக்கு செவெரின் பட்டறைக்கு வந்தாள். உட்காரும் முக்காலியைக் காட்டி, "அங்க உக்காரு. கையை மடியில வச்சுக்கோ. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள்.

உட்கார்ந்தேன். பச்சை வண்டியைத் தாங்கியில் மாட்டினாள். தனக்குத் தேவையான கருவியைத் தேடித் தேடி எடுத்தாள். பார்த்துக்கொண்டே சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. திருகாணியை அவள் தப்பான பக்கம் திருகும்போதெல்லாம் என் விரல்கள் தாமாகத் துடித்தன.

"இது எந்தப் பக்கம்?"

"இடது பெடல்பக்கம் மாறித் திரும்பும்."

"பல் எத்தனை?"

"இருபத்தெட்டு."

"நெசமா?"

"நெசமா. பின்னாடி பெரிய பல்சக்கரம் ஐம்பத்தொண்ணு. அதோட சேந்தா சுவரு மேலகூட ஏறலாம்."

"டயர்?"

"முன்னாடி கொஞ்சம் தடிப்பா, பிடிமானத்துக்கு. பின்னாடி இலேசா, வேகமா உருள்றதா. ட்யூப் வேணாம், உள்ள பஞ்சர் திரவம் ஊத்திடு. காத்து முன்னாடி ஒண்ணரை, பின்னாடி ஒண்ணே முக்கால். அதுக்கு மேல போனா கல்லுல துள்ளும்."

ஷாக் சரிபார்க்க வேண்டிய கட்டம் வந்தது. மலைக்கு எடுத்துப் போகும் மூட்டை, தண்ணீர், தலைக்கவசம் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி அசையாமல் உட்கார வேண்டும். ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று வேறொருவர்தான் அளக்க முடியும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அக்கா இல்லை. வேறு ஆளும் இல்லை.

"வா" என்றாள்.

அவள் காலடியில் மண்டியிட்டேன். வலது முழங்கால் கத்தியது. ஷாக்கின் தண்டில் இருந்த ரப்பர் வளையத்தை மேலே தள்ளினேன். "இப்ப எறங்கு, துள்ளாம." இறங்கினாள். அளவுகோலை வைத்தேன். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அமுங்கியிருந்தது.

"காத்து பத்தல. பத்து பவுண்டு ஏத்தணும்."

அவள் பம்பை எடுத்தாள், ஏற்றினாள், மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி மண்டியிட்டேன். இப்படி நான்கு தடவை. நான்காவது தடவை அளவு சரியாக வந்தபோது என்னால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. அவள் கையை நீட்டினாள். நீட்டினாள் என்றால் மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. விழுந்துகிடக்கும் யாருக்கும் அவள் கை நீட்டுவாள்.

"பிரேக்கை மட்டும் அந்த வண்டியிலேருந்து கழட்டி இதுல மாட்டு" என்றேன், கேட்காமலேயே. "அது நல்லா பண்ணினது."

"தெரியும். அன்னிக்கு அணையிலேருந்து இறங்கும்போது தெரிஞ்சுது. அதனாலதான் இன்னும் உன்கூடப் பேசிட்டிருக்கேன்."

செப்டம்பர் இரண்டாம் வாரம் செவெரினை வண்டியோடு லெ ஷாப்பியூ புல்வெளியில் இறக்கிவிட்டு வந்தேன். மற்ற மூவரும் மர்சோவின் வேனில் வந்து, வேனை அங்கேயே நிறுத்தியிருந்தார்கள். அவர்களுடைய ஐந்து நாளும் அங்கே தொடங்கி அங்கேயே முடியும். லுடோவிக் என்னிடம் கை கொடுத்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது கையிலேயே தெரிந்தது. அழுத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காலைக் குளிரில் நால்வரும் ஏற்றத்தில் சின்னதாகிச் சின்னதாகி மறைந்தார்கள். பச்சைப் புள்ளியும் லுடோவிக்கின் நீலப் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் போயின. பேசிக்கொண்டே போயிருப்பார்கள்.

அந்த ஐந்து நாளும் நான் கடையில் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை. மின்சார சைக்கிள் கேட்டு வந்த பாரிஸ்காரர் ஒருவருக்குக் குழந்தை வண்டியின் பூட்டுச் சாவியைக் கொடுத்து அனுப்பினேன். செவெரின் தினமும் ஒரு வரி செய்தி அனுப்பினாள். 'கூர்மாயர் வந்தாச்சு.' 'ஃபெரே கணவாயில் காற்று.' அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த நாள் முழுவதையும் நானே இட்டுக் கட்டினேன். விடுதியில் ஒரே மேசை, ஒரே சூப், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்கள். மூன்றாம் நாள் லுடோவிக்கிடமிருந்து ஒரு படம் வந்தது. மர்சோவின் டயர் கிழிந்துவிட்டதாம். அந்தி இருட்டில் ஒரு பாறையில் உட்கார்ந்து செவெரின் அதை நர்ஸ் பையிலிருந்த நூலால் தைத்துக்கொண்டிருக்கிறாள். கீழே எழுதியிருந்தார்: 'தினமும் மாட்டுக்குத் தையல் போடுகிறவன் நான். என்னை விளக்குப் பிடிக்கச் சொன்னார்கள்.'

படத்தை அக்காவிடம் காட்டினேன். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இதுக்குமாடா?" என்றாள்.

இதற்கும்தான்.

ஐந்தாம் நாள் மதியம் இரண்டு மணிக்கே லெ ஷாப்பியூ போய்விட்டேன். காரை நிறுத்திவிட்டுப் பொனோம் கணவாயிலிருந்து இறங்கும் பாதையைப் பார்த்தபடி புல்லில் உட்கார்ந்தேன். அது நல்ல பாதை இல்லை. உடைந்த பலகைக் கற்கள், மழை அறுத்த பள்ளங்கள், திருப்பத்துக்குத் திருப்பம் செங்குத்து. எனக்கு முப்பது வயதில் அதில் இரண்டு இடத்தில் இறங்கி நடந்திருக்கிறேன்.

நாலே கால் மணிக்குப் பாதையின் உச்சியில் ஒரு புள்ளி தெரிந்தது. தனியாக வந்தது. யார் என்று நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே, உடம்பு வளைகிற விதத்தில் தெரிந்தது. இடுப்பைத் தாழ்த்தி, கை இரண்டையும் தளர்த்தி, வண்டி போகிற போக்குக்கு விட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு பிடி. நான் இறங்கி நடந்த முதல் இடத்தில் அவள் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. இரண்டாவது இடத்தில் ஒரு கணம் நின்றாள். முன் சக்கரத்தைத் தூக்கி வைத்துத் திருப்பினாள், வந்தாள். என்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தேன். கண்ணில் நீர் வந்தது. பெருமையால் என்று சொன்னால் நன்றாக இருக்கும். பெருமையும் இருந்தது. ஆனால் முதலில் வந்தது பொறாமைதான், சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. லுடோவிக் அதில் இல்லவே இல்லை.

புல்வெளியில் வந்து நின்றாள். முகத்தில் தூசியும் உப்பும் படிந்து கிடந்தன. வண்டியைச் சாய்த்துவிட்டு மல்லாந்து படுத்தாள்.

"என்னைவிட நல்லா ஓட்டறே" என்றேன்.

"தெரியும்" என்றாள் வானத்தைப் பார்த்து.

மற்றவர்கள் வர அரை மணி நேரமானது. லுடோவிக் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். மர்சோவும் மனைவியும் தைத்த டயரை எனக்குப் பெருமையாகக் காட்டினார்கள். சாலையோரக் கடையில் ப்ளூபெர்ரி டார்ட் வாங்கி எல்லோரும் தின்றோம். லுடோவிக் தன் வண்டியின் கியரில் ஏதோ சத்தம் வருவதாகச் சொன்னார். அங்கேயே குனிந்து ஒரு திருகில் சரிசெய்து கொடுத்தேன். சரியாகத்தான் செய்தேன். செவெரின் தின்பதை நிறுத்திவிட்டு என் கையையே கவனித்ததையும் பார்த்தேன். அவர்கள் மூவரும் மர்சோவின் வேனில் போனார்கள்.

காரில் கொஞ்ச தூரம் போனதும் நான் கேட்டுவிட்டேன். "அவருக்கும் உனக்கும் ஏதாவது..."

"ஒண்ணும் நடக்கல."

"சரி."

"இரு. பாதி சொன்னா உனக்கும் எனக்கும் வித்தியாசம் இல்ல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவர் என்னைப் பாக்கறது எனக்குப் பிடிச்சிருந்துது. நான் ஏறும்போது அதிசயத்தைப் பாக்கற மாதிரி பாப்பார். அஞ்சு வருஷமா வீட்ல யாரும் என்னை அப்படிப் பாக்கல. நீ உன் காலையே பாத்துட்டிருந்தே. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அடுத்த சனிக்கிழமையும் போவேன்."

ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். கடைசியில், "போ" என்றேன். சொல்வதற்கு அது எவ்வளவு கனமான சொல் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்து தூங்கிவிட்டிருந்தாள். தொடையில் காய்ந்த சேறு, முழங்காலில் முள் கிழித்த கோடு. கொண்டை ஊசித் திருப்பங்களில் அவள் தலை கண்ணாடியில் இடிக்காதபடி மெதுவாக, மிக மெதுவாக ஓட்டினேன். பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயின.

மூன்றாவது ஹாரனுக்கு அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"வேகமா ஓட்டேன் ரெஜிஸ். பசிக்குது."